மலையும் கொசுவும்

வெல்லப் பானையையும் பலகாரத் தூக்கையும் எறும்பு அண்டாமல் காப்பதற்காக, தண்ணீர் ஊற்றிய அகன்ற தட்டின் நடுவில் அவற்றை வைத்துவிடுவது நம் வீட்டுப் பாட்டிமார் வழிவழியாகக் கையாண்டு வரும் உபாயம். அதே உபாயத்தை 1880களில், பனாமா நகரை அடுத்த அன்கோன் குன்றின்மேல் பிரெஞ்சுக் கால்வாய்க் கம்பெனியார் எழுப்பியிருந்த பெரிய மருத்துவமனையிலும் கையாண்டார்கள். எறும்புகள் நோயாளிகளின் படுக்கையில் ஏறித் தொல்லை தராதிருக்கும் பொருட்டுக் கட்டிற்கால் ஒவ்வொன்றும் நீர் நிறைந்த கிண்ணத்தில் நிறுத்தப்பட்டது. தோட்டத்துப் பூஞ்செடிகளைச் சுற்றியும் அவ்வாறே நீர் வளையங்கள் அமைந்தன. எறும்பு வரவில்லை. ஆனால் அசையாத அந்த நீரில் முட்டையிட்டுப் பல்கிய கொசுக்கள், வலையடிக்காத ஜன்னல்களையுடைய அந்த அழகிய கூடங்களில், மஞ்சள் ஜுரத்தையும் மலேரியாவையும் ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்கு ஏந்திச் சென்று பரிமாறின. வேறு ஏதோ வியாதிக்கு வைத்தியம் தேடி வந்தவன் ஜுரம் கண்டு மாண்டான். அங்கே பணிபுரிந்த கன்னித்துறவியரின் கருணையிலோ, வைத்தியர்களின் படிப்பிலோ, கம்பெனியார் கொட்டிய பணத்திலோ குறை சொல்வதற்கில்லை; எது தொல்லை, எது ஆபத்து என்று பகுத்தறிவதில் மட்டுமே குறை இருந்தது.

ஒரு பெருங்காரியத்தைத் தலைமை தாங்கி நடத்துகிறவனுக்கு நேரும் இடையூறுகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கிண்ணங்களே நினைவுக்கு வருகின்றன. பணம் போதாமை, காலம் போதாமை, ஆட்கள் நிலைத்து நில்லாமை, நோய், மழை, மேலிடத்தின் அவசரம், கீழிடத்தின் மனத்தாங்கல் ஆகிய இவையெல்லாம் எந்தப் பெரிய வேலைக்கும் உடன்பிறந்தவை; பனாமாவில் இவை சற்று மிகுதியாக இருந்தன என்பதைத் தவிர வேறு புதுமை இல்லை. புதுமை எதில் இருக்கிறதென்றால், பரீட்சை நடத்துகிற ஆசிரியர் ஒரே வினாத்தாளை மாணாக்கர் பலருக்குக் கொடுத்துப் பார்ப்பதைப் போல, விதியானது அதே மலையையும் அதே ஆற்றையும் அதே மழையையும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் ஒருவர்பின் ஒருவராகப் பல தலைவர்களிடம் கொடுத்துப் பார்த்தது என்பதில்தான். இடம் மாறவில்லை, வேலை மாறவில்லை. ஆள் மட்டுமே மாறினான். நிர்வாகம் என்ற கலையின் சரித்திரத்தை ஆராய விரும்புகிறவனுக்கு இதைவிடச் சிறந்த சோதனைச்சாலை கிடைப்பது அரிது.

இடத்தைப் பற்றிச் சில சொற்கள் சொல்லியாக வேண்டும். வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கிற மெல்லிய பூசந்தியில், இரு பெருங்கடல்களுக்கும் இடையே கால்வாய் செல்ல வேண்டிய தூரம் ஏறத்தாழ 50 மைல். 1855-லேயே அமெரிக்கர் அங்கே ஒரு ரயில் பாதை போட்டுவிட்டனர். அட்லாண்டிக் கரையிலுள்ள கொலோனில் ஆண்டுக்குச் சுமார் 130 அங்குல மழை பெய்யும். அந்த மழை முழுவதையும் வாரிக்கொண்டு வரும் சாக்ரெஸ் நதி, கால்வாய்க்குக் குறித்த வழியைப் பன்முறை குறுக்கிட்டு ஓடியது. கோடையில் சாதுவாகத் தோன்றும் அந்த ஆறு, மழைக்காலத்தில் ஒரே இரவில் பல அடி உயர்ந்து கரையிலுள்ளதை எல்லாம் அடித்துச் செல்லும். பசிபிக் பக்கத்தில் குலெப்ரா என்னும் மலைத்தொடர். கடல்மட்டத்துக்கு 300 அடிக்கு மேல். குலெப்ரா என்றால் ஸ்பானிய மொழியில் பாம்பு என்று பொருள். அதன் ஒரு சரிவுக்குக் குக்கராச்சா, அதாவது கரப்பான்பூச்சி, என்று பெயர். பெயரிட்டவர்கள் அந்த மண்ணை நன்றாக அறிந்தே பெயரிட்டார்கள் போலும்.

முதலாவதாக வந்தவர் பெர்டினான்ட் தெ லெஸெப்ஸ். சூயெஸ் கால்வாயை வெட்டி முடித்து 1869-ல் உலகப் புகழ் பெற்ற பெரியவர். தூதராக இருந்தவரேயன்றி எஞ்சினீயர் அல்லர். 1879-ல் பாரிஸில் கூடிய மகாசபையின் முன் அவர் தோன்றியபோது அவருக்கு வயது 73. சூயெஸில் மணலை வெட்டிக் கடலோடு கடலைச் சமமட்டத்தில் சேர்த்தவருக்குப் பனாமாவிலும் அப்படியே செய்துவிடலாம் என்ற எண்ணம் இயற்கையாகவே உண்டாயிற்று. அந்தச் சபையில் கோதென் தெ லெபினே என்ற எஞ்சினீயர் எழுந்து, மலையை அடிவரை வெட்டுவானேன், சாக்ரெஸ் ஆற்றை அணையிட்டுத் தடுத்து மேட்டிலே ஓர் ஏரியை உண்டாக்கி, கதவுகள் வைத்த நீர்த்தொட்டிகளின் படிவரிசையால் கப்பல்களை அந்த ஏரிக்கு ஏற்றி மறுபுறம் இறக்கிவிடலாமே என்று ஒரு திட்டம் சொன்னார். லாக் என்று வழங்கும் அந்தத் தொட்டிகள் புதிய சங்கதி அல்ல. ஐரோப்பியக் கால்வாய்களில் எங்கும் இருந்தவைதான். ஆயினும் சபையார் செவிசாய்க்கவில்லை. சமமட்டக் கால்வாயை எதிர்த்து வாக்களித்தவர்கள் எட்டே பேர். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து உலகம் பயன்படுத்தத் தொடங்கிய கால்வாய், சாராம்சத்தில், அன்று ஒதுக்கப்பட்ட அந்த மனிதருடையதே.

லெஸெப்ஸ் 1879 டிசம்பர் இறுதியில் பனாமாவுக்குச் சென்றார். அது மழையற்ற காலம். காற்று இதமாக வீசியது. சாக்ரெஸ் அடக்கமாக ஓடிற்று. விருந்துகளும் வாண வேடிக்கையும் நடந்தன. வேலைக்களத்தை அதன் மிக நல்ல பருவத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு அதுவே அதன் குணம் என்று நம்பிவிடுவது மேலதிகாரிகளுக்கு உரிய பழைய பலவீனம். உடன் சென்ற நிபுணர் குழு, செலவு ஏறத்தாழ 84 கோடி பிராங்க் ஆகுமென்று கணக்கிட்டது. லெஸெப்ஸ் அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போகும் வழியிலேயே, ஒரு கல் பெயர்க்கப்படுவதற்கு முன்பே, அதை ஏறத்தாழ 66 கோடியாகக் குறைத்துவிட்டார். எஸ்டிமேட்டைப் பேனாவினால் குறைப்பது மண்வெட்டியால் மலையைக் குறைப்பதைக் காட்டிலும் எவ்வளவு சுலபம் என்பது கட்டட வேலை எடுத்த எவருக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் இங்கே அந்தப் பேனாவை நம்பிப் பிரான்சு தேசத்தின் சிறு குடும்பங்கள் தங்கள் சேமிப்பைக் கொண்டுவந்து கொட்டின.

1881-ல் வேலை தொடங்கிற்று. 1883-ல் தலைமை நிர்வாகியாக வந்த ழூல் டிங்ளர் திறமைசாலி, தைரியசாலி; ஒழுக்கமாக வாழ்கிறவனை ஜுரம் அணுகாது என்று எண்ணியவர் என்பார்கள். மனைவி, மகள், மகன், மகளுக்கு நிச்சயித்திருந்த மணமகன் ஆகிய நால்வரையும் உடன் அழைத்து வந்தார். 1884 தொடக்கத்தில் மகள் மஞ்சள் ஜுரத்தில் இறந்தாள், அடுத்து மகன், பிறகு மணமகன். ஓராண்டுக்குள் மனைவியும் போய்ச் சேர்ந்தார். மனிதர் மறுநாள் காலையில் வழக்கம்போல் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தார் என்று படிக்கும்போது, வியப்பதா இரங்குவதா என்று தெரியாமல் நெஞ்சு கனக்கிறது. அவருடைய உறுதிக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனால் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட ஏற்பாடே உள்ளுக்குள் உளுத்துப் போயிருந்தது. வேலை சிறியதும் பெரியதுமான பற்பல கான்ட்ராக்டர்களுக்குத் துண்டு துண்டாக விடப்பட்டிருந்தது. அவர்கள் கன அளவுக்குக் கூலி பெறுகிறவர்களாதலால், எளிதாக வரும் மண்ணை வாரிக் காசாக்கிக்கொண்டு, கடினமான பாறை வந்தவுடன் கையை உதறினர். வாரிய மண்ணைத் தூரத்துக்குக் கொண்டுபோகச் செலவாகுமென்று வெட்டின் விளிம்புக்கு அருகிலேயே கொட்டினார்கள். அடுத்த மழையில் அது சரிந்து வெட்டிய பள்ளத்துக்கே திரும்பியது. நோயுற்ற கூலியாளை மருத்துவமனைக்கு அனுப்பினால் கான்ட்ராக்டர் நாள்தோறும் கட்டணம் கட்ட வேண்டியிருந்ததால், கண் சிவந்தவனைக் கண்டதும் பேரேட்டிலிருந்து நீக்கிவிடுகிற கங்காணிகளும் இருந்தனர். அப்படி நீக்கப்பட்டவன் எங்கே விழுந்து இறந்தான் என்பது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இறந்தோர் தொகை சுமார் 22,000 இருக்கலாம் என்று பிற்காலத்தில் அமெரிக்க வைத்தியர் கார்கஸ் மதிப்பிட்டார். மதிப்பீடுதான், கணக்கு அல்ல.

1887-ல் லெஸெப்ஸ் கடைசியாகத் தம் பிடிவாதத்தைச் சற்றுத் தளர்த்தி, லாக்குகள் கட்ட இசைந்து, கோபுரம் கட்டிப் புகழடையவிருந்த ஐஃபெலை அமர்த்தினார். காலம் கடந்துவிட்டது. 1888-ல் பரிசுச்சீட்டுக் கடன் பத்திரங்கள் வெளியிட்டார்கள், பாதிகூட விற்கவில்லை. 1889 பிப்ரவரியில் கம்பெனி கலைக்கப்பட்டது. சுமார் 8 லட்சம் பேர் பணத்தை இழந்தனர். விவகாரம் லஞ்ச ஊழலாக வெடித்து, 1893-ல் லெஸெப்ஸும் அவர் மகனும் குற்றவாளிகளென்று தீர்ப்பாயிற்று. நோயில் நினைவு மங்கிக் கிடந்த கிழவர் அடுத்த ஆண்டு கண்மூடினார். பனாமாவின் வேலைக்களத்தை அவர் தம் கண்ணால் பார்த்தது வாழ்நாளில் இரண்டே தடவை.

பிறகு வந்தவர்கள் அமெரிக்கர். பிரெஞ்சுக்காரரின் தளவாடங்களையும் உரிமைகளையும் 4 கோடி டாலருக்கு விலை பேசி, 1904 மே மாதத்தில் பொறுப்பேற்றார்கள். முதல் பிரதம எஞ்சினீயர் ஜான் ஃபிண்ட்லே வாலஸ், ரயில்வே நிர்வாகத்தில் பெயர் பெற்றவர். வாஷிங்டனிலும் பத்திரிகைகளிலும் மண் பறக்க வேண்டும், மண் பறக்க வேண்டும் என்று ஒரே கூச்சல். ஆகவே அவரும், துருப்பிடித்த பிரெஞ்சு யந்திரங்களைத் தட்டி எடுத்து, தங்க வீடில்லாத ஆட்களைக் கொண்டு, குலெப்ராவில் வெட்டத் தொடங்கினார். மண் பறக்கத்தான் செய்தது. ஆனால் பறந்த மண்ணை எடுத்துச் செல்ல வண்டி போதவில்லை.

வாலஸுக்கு நேர்ந்த பெரிய இடையூறு மலையன்று, காகிதம். ஏழு பேர் கொண்ட கமிஷன் ஒன்று வாஷிங்டனில் உட்கார்ந்து, பிரெஞ்சுக்காரர் காலத்து ஊழல் தங்கள் காலத்தில் நடந்துவிடக் கூடாது என்ற ஒரே கவலையில், ஒவ்வோர் ஆணிக்கும் கையெழுத்துக் கேட்டது. ஒரு கைவண்டியை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுப்பதற்கு ஆறு சீட்டுகள் எழுத வேண்டியிருந்ததாம். களவு போகாமல் காப்பதற்கு ஏற்பட்ட விதி காலத்தைக் களவாடியது. நம் நாட்டு அலுவலகங்களில் இண்டென்ட் எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த எவரும் இதற்கு விளக்கம் கேட்க மாட்டார்கள். இதற்கிடையில் 1905-ன் முற்பகுதியில் மஞ்சள் ஜுரம் தலைகாட்டியது. மேலதிகாரிகளே பீதியடைந்தனர், வந்திருந்த அமெரிக்கர்களில் பெரும்பாலோர் கிடைத்த கப்பலில் ஏறி ஓடினார்கள். வாலஸ் தமக்கும் தம் மனைவிக்குமாக இரண்டு உலோகச் சவப்பெட்டிகளை உடன் கொண்டுவந்திருந்தார் என்றொரு பேச்சு உண்டு. தலைவன் சவப்பெட்டியோடு வந்திறங்கினால் தொண்டன் எத்தனை நாள் தங்குவான்? ஜூனில் வாலஸ் ராஜிநாமாச் செய்தார்.

அடுத்து வந்தவரைப் பற்றித்தான் நான் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஜான் ஸ்டீவன்ஸ், கல்லூரிப் பட்டம் பெற்ற எஞ்சினீயர் அல்லர். அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் ரயில் பாதைக்கு வழி தேடி நடந்து நடந்தே தொழில் கற்றவர். 1905 ஜூலை இறுதியில் வந்திறங்கியவர், வரவேற்பு விருந்துகளில் காலம் போக்காமல், முரட்டு உடையும் ரப்பர் பூட்ஸும் அணிந்து, வாயில் சுருட்டோடு, மழையில் குலெப்ரா வெட்டின் நெடுகிலும் நடந்தார். கண்டதென்ன? மண்வாரி யந்திரங்கள் சும்மா நின்றன. மண் ஏற்றும் வண்டிகள் தடம் புரண்டு கிடந்தன. ஆட்கள் அரை வயிற்றோடு, நாளை யார் சாவார்களோ என்ற பயத்தோடு நின்றார்கள். ரயிலில் நெடுநாளாக ஒரு மோதல்கூட நிகழவில்லை என்று யாரோ பெருமையாகச் சொன்னபோது, மோதலாவது நடந்தால் வண்டி ஓடுகிறதென்று தெரியும் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னாராம். மஞ்சள் ஜுரம், மலேரியா என்பவற்றோடு, மனம் தளர்ந்த பயம் என்று மூன்றாவது வியாதி ஒன்று பனாமாவில் இருக்கிறது, அதுவே மற்ற இரண்டைக் காட்டிலும் கொடியது என்பது அவருடைய நோய்நிதானம்.

வந்து ஒரு வாரத்துக்குள் அவர் போட்ட உத்தரவு யாரும் எதிர்பாராதது. குலெப்ராவில் வெட்டுவதை நிறுத்துங்கள் என்றார்! ஜனாதிபதி ரூஸ்வெல்ட் முதல் பத்திரிகைக்காரர் வரை தேசம் முழுவதும் மண் எப்போது பறக்கும் என்று வாய் பிளந்து காத்திருக்கும் வேளையில், மாதாந்தர அறிக்கையில் வெட்டிய மண்ணின் அளவே நிர்வாகத்தின் தராசாக இருக்கும் நிலையில், பொறுப்பேற்ற உடனே அந்த அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிற உத்தரவில் கையெழுத்திடுவதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தொடங்குவதற்குத் தைரியம் வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். நான் பார்த்தவரையில், தொடங்குவது அநேகமாக உற்சாகத்தின் வேலை. நிறுத்துவதற்குத்தான் தைரியம் வேண்டும்.

நிறுத்திவிட்டு என்ன செய்தார்? மலையைக் கெல்லி எலியைப் பிடிப்பது என்று வீண் பிரயாசைக்கு நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. ஸ்டீவன்ஸ் அதைத் தலைகீழாக்கினார்: மலையைக் கெல்லுவதற்காக முதலில் கொசுவைப் பிடித்தார். கொசுவே மஞ்சள் ஜுரத்தைப் பரப்புகிறது என்று கார்லோஸ் ஃபின்லே என்ற வைத்தியர் ஹவானாவில் சொன்னது 1881-ல், பிரெஞ்சுக்காரர் வேலை தொடங்கிய அதே வருஷத்தில்; உலகம் சிரித்தது. 1897-ல் நம் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். 1900-ல் வால்டர் ரீட் தலைமையில் நடந்த சோதனைகள் ஃபின்லேயை மெய்ப்பித்தன. அதைக் கொண்டு ராணுவ வைத்தியர் வில்லியம் கார்கஸ் ஹவானாவையே சுத்தம் செய்து காட்டினார். அதே கார்கஸ் 1904 முதல் பனாமாவில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். காரணம், கொசுச் சித்தாந்தம் வெறும் பிதற்றல் என்று கமிஷனின் பெரிய மனிதர்கள் தீர்மானித்திருந்தார்கள். ஸ்டீவன்ஸ் வைத்தியர் அல்லர். கொசு விஷயத்தில் அவருக்கு முழு நிச்சயம் இருந்ததாகவும் தெரியவில்லை. ஆனால் தமக்குத் தெரியாத துறையில் தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதை அறிந்து, அவன் கேட்டதை எல்லாம் கேள்வியின்றிக் கொடுத்தார். முன்பு பைசாவுக்குத் தவம் கிடந்த கார்கஸுக்கு இப்போது கம்பிவலை மட்டுமே 90,000 டாலருக்கு வாங்கப்பட்டது. நாலாயிரம் ஆட்கள் வீடுவீடாகச் சென்று கந்தகப் புகை போட்டார்கள், குட்டைகளில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், தண்ணீர்த் தொட்டிகளை மூடினார்கள், பனாமா நகரத்துக்கும் கொலோனுக்கும் குழாய் நீர் வந்தது, தெருக்கள் தளமிடப்பட்டன. 1905 நவம்பர் 11-ந் தேதியோடு பனாமா நகரத்தில் மஞ்சள் ஜுரத்தின் கதை முடிந்தது. கட்டிற்கால் கிண்ணங்கள் எப்போது அகற்றப்பட்டனவோ, அந்த நாளையும் யாராவது குறித்து வைத்திருக்கலாம்.

கொசு ஒரு பக்கம். மறுபக்கம் வீடு, சோறு, படுக்கை. ஆட்களில் பெரும்பகுதியினரை வெட்டு வேலையிலிருந்து எடுத்து வீடு கட்டுவதில் ஈடுபடுத்தினார் ஸ்டீவன்ஸ். உணவு விடுதிகள், ரொட்டி அடுப்புகள், பனிக்கட்டிச் சாலை, குளிர்காப்பறைகள் எழுந்தன. பூசந்தியின் நெடுகிலும் தினந்தோறும் விடியற்காலையில் உணவு வண்டி ஓடிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, ரயில். குலெப்ராவை எஞ்சினீயர்கள் எல்லோரும் வெட்டு வேலையாகப் பார்த்தபோது, ரயில்வேக்காரரான ஸ்டீவன்ஸ் அதைச் சரக்குப் போக்குவரத்தாகப் பார்த்தார். மண்ணை வெட்டுவது பெரிதல்ல. வெட்டிய மண்ணை ஓயாமல் அப்புறப்படுத்துவதே பெரிது. வண்டி வந்து நிற்காத நிமிஷம் யந்திரம் சும்மா நிற்கிற நிமிஷம். பழைய ஒற்றைப் பாதை இரட்டையாயிற்று; கனமான தண்டவாளங்கள் வந்தன. வெட்டின் நடுமேட்டிலிருந்து இருபுறமும் சரிவாகத் தண்டவாளம் போட்டார், பாரம் ஏற்றிய வண்டி இறக்கத்தில் தானே இறங்கவும், வெறும் வண்டி மேட்டில் ஏறவும், மழைநீர் தானாக வடியவும். இருபது தட்டு வண்டிகளின்மேல் ஒரு கலப்பையை இரும்புக் கயிற்றால் இழுத்து மண் முழுவதையும் பத்து நிமிஷத்தில் தள்ளிவிடும் யந்திரம் வந்தது. வெட்டு நகர நகரத் தண்டவாளத்தையும் நகர்த்தியாக வேண்டுமே. அதற்கென்று ரயில்வே மேலாளர் பியர்டு அங்கேயே சமைத்த பளுதூக்கி யந்திரத்தைக் கொண்டு, 600 ஆட்களின் வேலையை ஒரு டஜன் ஆட்கள் செய்தார்கள். அள்ளிய மண், சாக்ரெஸுக்குக் குறுக்கே கட்டூன் என்ற இடத்தில் எழும்பிய அணைக்கும், பசிபிக் கரையின் அலைதடுப்புச் சுவருக்கும் போயிற்று. பிரெஞ்சுக்காரருக்குச் சத்துருவாக இருந்த மண் ஸ்டீவன்ஸின் கையில் சரக்காயிற்று.

சாக்ரெஸ் நதியையும் அவர் அவ்வாறே உறவாக்கிக்கொண்டார். அமெரிக்கரிடையிலும் சமமட்டக் கால்வாய் என்ற மோகம் போகவில்லை. ஆலோசனை எஞ்சினீயர்களில் எட்டுப் பேர் அதற்கு, ஐந்து பேர் லாக்குகளுக்கு. ஆறு பெருகியதை நேரில் கண்டுவிட்ட ஸ்டீவன்ஸ் சிறுபான்மையின் கட்சியைச் சேர்ந்தார். வாஷிங்டனுக்குப் போய் ரூஸ்வெல்டிடமும் செனட் சபையாரிடமும் வாதாடினார். 1906 ஜூன் 21-ந் தேதி செனட்டில் 36-க்கு 31 என்ற வாக்கில் லாக் கால்வாய் நிச்சயமாயிற்று. மூன்று வாக்குகள் மாறி விழுந்திருந்தால், அமெரிக்கரும் லெஸெப்ஸின் பள்ளத்திலேயே விழுந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எந்த ஆறு வேலையைக் கெடுக்கிறதென்று எல்லோரும் அஞ்சினார்களோ, அந்த ஆற்றையே கட்டூனில் அணைகட்டி நிறுத்தி, கடல்மட்டத்துக்கு 85 அடி உயரத்தில் 164 சதுர மைல் ஏரியாக்கி, ஒவ்வொரு கப்பலையும் தூக்கி இறக்கும் தண்ணீரை அதனிடமே வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு.

இவ்வளவும் செய்தவர் 1907 ஜனவரி இறுதியில் ரூஸ்வெல்டுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். களைத்துப் போனேன், இந்தப் பதவியில் எனக்குப் பற்றில்லை என்ற தொனி. ஜனாதிபதி அதை ராஜிநாமாவாகவே எடுத்துக்கொண்டார். ஏன் போனார் என்பதை ஸ்டீவன்ஸ் கடைசிவரை சொல்லவில்லை. அரங்கை அமைத்துத் திரையைத் தூக்குகிற வேளையில் இறங்கிப் போய்விடுகிற இத்தகைய மனிதர்களைச் சரித்திரம் அதிகமாக நினைப்பதில்லை. கால்வாய் என்றதும் அடுத்து வந்தவரின் பெயரே நாவில் வருகிறது.

இனி ராஜிநாமாச் செய்ய முடியாத ஆள் ஒருவன் வேண்டும் என்று ரூஸ்வெல்ட் ராணுவ எஞ்சினீயர் ஜார்ஜ் கோதல்ஸை அனுப்பினார். ராணுவ ஆட்சி வருகிறதென்று ஊழியர்கள் முகம் சுளித்தனர். கோதல்ஸ் பனாமாவில் இருந்தவரை ராணுவ உடை தரிக்கவே இல்லை. வெள்ளைத் துணியில்தான் நடமாடினார். தண்டவாளத்தில் ஓடும்படி அமைத்த மஞ்சள் நிற மோட்டார் வண்டியொன்றில் நாள்தோறும் காலையில் வேலைக்களத்தைச் சுற்றி வருவார். அந்த வண்டிக்கு ஆட்கள் மஞ்சள் ஆபத்து என்று பெயர் வைத்திருந்தார்கள். மாலையில் காகிதம் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் நடத்திய தர்பார்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அன்று யார் வேண்டுமானாலும் வரலாம். நிறமோ பதவியோ கேள்வியில்லை. வரிசையாக வந்து மேஸ்திரி வைகிறான், கூலியில் பிடித்துவிட்டார்கள், வீடு கிடைக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரி சண்டை போடுகிறாள் என்று எதையும் சொல்லலாம். அங்கேயே கேட்டு, பெரும்பாலும் அங்கேயே தீர்ப்பு. நம் ஊர்ப் பெரியதனக்காரர் திண்ணையில் உட்கார்ந்து வழக்குத் தீர்த்ததற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. அறிக்கைகளின் வழியாக மேலே வரும் செய்தி, படி ஏற ஏற இனிப்பு ஏறிக்கொண்டே வருவது. இந்தத் திண்ணைச் செய்தியோ நேரே கசப்பாகவே வந்தது. எந்தக் கங்காணி எப்படிப்பட்டவன் என்பது கோதல்ஸுக்கு இவ்வாறு செலவில்லாமல் தெரிந்துவிடும். 1907 செப்டம்பரில் தொடங்கிய கால்வாய் வாரப் பத்திரிகை இன்னொரு யுக்தி. ஒவ்வொரு மண்வாரி யந்திரமும் எத்தனை கன கஜம் அள்ளியதென்று அதில் அச்சாயிற்று. அவ்வளவுதான், யாரும் யாரையும் அதட்டாமலே யந்திரத்துக்கு யந்திரம் போட்டி மூண்டது. 1909 மார்ச்சில் 68 யந்திரங்கள் சேர்ந்து ஒரே மாதத்தில் 20 லட்சம் கன கஜத்துக்கு மேல் அள்ளின.

மலை இதற்கெல்லாம் இசைந்ததா என்றால், இல்லை. 1907 அக்டோபரில் குக்கராச்சாச் சரிவு, பனிப்பாறை நகர்வதைப் போல நாளுக்கு 14 அடி வீதம் பல நாட்கள் நகர்ந்து வெட்டினுள் இறங்கிற்று. அந்தக் களிமண் எந்தச் சாய்வில் நிற்கும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. பக்கவாட்டு மலையின் பாரம் அழுத்தத் தரையே அப்பம்போல் உப்பி எழுந்ததும் உண்டு. மாதக்கணக்கில் அள்ளியது ஓரிரவில் திரும்பி வரும்; தண்டவாளங்கள் முறுக்கிக்கொண்டு கிடக்கும். அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளரான கெய்லார்டு, 1913-ல் மறுபடியும் குக்கராச்சா இறங்கியபோது மனம் உடைந்து, இனி என்ன செய்வது என்று கேட்டதாகவும், கோதல்ஸ் சிகரெட் ஒன்றைப் பற்ற வைத்துக்கொண்டு, மறுபடியும் தோண்ட வேண்டியதுதான் என்று சொன்னதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. இதில் வீரமும் இருக்கிறது, வேறு வழியில்லாமையும் இருக்கிறது. சரிவுகளால் மட்டும் கூடுதலாக அள்ள வேண்டிவந்த மண் சுமார் இரண்டரைக் கோடி கன கஜம். கெய்லார்டு அதே ஆண்டு டிசம்பரில் மூளைக்கட்டியால் இறந்தார். தாம் ஆறாண்டு போராடிய வெட்டின் வழியே கப்பல் செல்வதை அவர் பார்க்கவில்லை.

இந்த வெற்றியின் நிழற்பக்கத்தை மறைத்துப் பேசுவது தர்மமாகாது. கால்வாயில் இரண்டு பேரேடுகள் இருந்தன: தங்கப் பேரேடு, வெள்ளிப் பேரேடு. அமெரிக்க வெள்ளையருக்குத் தங்க நாணயத்தில் சம்பளம். பார்படோஸ் முதலிய மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பர்களுக்கும் பிறருக்கும் வெள்ளியில், பெரும்பாலோருக்கு மணிக்கு 10 செண்ட். கடை வேறு, உணவு விடுதி வேறு, ஆஸ்பத்திரிக் கூடம் வேறு. கம்பிவலை அடித்த வீடுகள் தங்கப் பேரேட்டுக்காரருக்கு. வெள்ளிக்காரர்களில் பலர் ஒழுகும் கொட்டகைகளிலும் ரயில் பெட்டிகளிலும் ஈரத் துணியோடு படுத்து நிமோனியாவால் மாண்டனர். 1908 டிசம்பர் 12-ந் தேதி பாஸ் ஒபிஸ்போவில் 22 டன் டைனமைட் காலத்துக்கு முன்பே வெடித்து 23 பேர் இறந்தார்கள். அமெரிக்கர் காலத்தில் நோயாலும் விபத்தாலும் இறந்தோர் அதிகாரபூர்வமான கணக்குப்படி 5,609. அவர்களில் ஏறத்தாழ நாலாயிரத்து ஐந்நூறு பேர் கறுப்பர். கொசுவை ஒழித்த நிர்வாகத்துக்கு ஒழுகாத கூரை ஒன்று போடத் தெரியாமல் இல்லை. தொல்லை எது, ஆபத்து எது என்ற பழைய கேள்வியோடு, யாருக்கு ஆபத்து என்ற கேள்வியும் எழுந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைத் திண்ணையிலும் அது எழவில்லை.

அமெரிக்கர் செலவு ஏறத்தாழ 35 கோடி டாலர். பிரெஞ்சுக்காரருக்கும் பனாமாவுக்கும் கொடுத்ததும் இதில் அடக்கம். 1907-ல் போட்ட எஸ்டிமேட்டைக் காட்டிலும் இது குறைவு. குறித்த நாளுக்கு முன்பே வேலையும் முடிந்தது. 1914 ஆகஸ்டு 15-ந் தேதி அன்கோன் என்ற சிமெண்டுக் கப்பல், மருத்துவமனை இருந்த குன்றின் பெயரையே தாங்கி, கால்வாயின் வழியே முறைப்படி முதன்முதலாகச் சென்றது. ஐரோப்பாவில் இரண்டு வாரங்களுக்கு முன்பு யுத்தம் மூண்டுவிட்டதால் உலகம் அதைக் கவனிக்கவில்லை. கப்பலின் மேல்தளத்தில் பிரமுகர்கள் நின்றார்கள். கோதல்ஸ் அங்கே இல்லை. கரையோரத் தண்டவாளத்தில், மஞ்சள் வண்டியில், லாக்குக்கு லாக் இறங்கி நின்று கதவுகள் சரியாக மூடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டு, கப்பலுக்குச் சமமாகப் போய்க்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் குலெப்ரா மறுபடியும் சரிந்து, கால்வாய் ஏழு மாதம் மூடிக் கிடந்தது. மிதக்கும் மண்வாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, ஏப்ரல் வரை அள்ளினார்கள்.